நாலு டிகிரி

வண்டியில் வைத்த ஃபிரிட்ஜ் நின்றுபோனால் எல்லோரும் முதலில் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகப்படுவார்கள். பிறகு பேட்டரியை. பெரும்பாலும் இரண்டின் மேலும் தப்பு இருக்காது, மேடம். இரண்டுக்கும் நடுவில் போகிற ஒயரைப் பார்க்க வேண்டும்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் காலையில் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததில் ஒயரைப் பற்றி நிறைய எழுதியிருப்பான். தான் போட்ட ஒயரிங்கில் ஏதோ கோளாறு, அதனால் ஃபிரிட்ஜ் நின்றது, உள்ளே இருந்த இன்சுலின் சூட்டில் கெட்டது, அதைப் போட்டுக்கொண்டு என் மனைவி இறந்தாள், ஆகவே தானே அவளைக் கொன்றவன் என்று எழுதியிருப்பான். நடுவில் உள்ளது சரி. தொடக்கமும் முடிவும் தவறு. அவன் ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம்.

அவன் என் மனைவிக்கு அத்தை மகன். வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். சின்ன வயதில் பிளக்குக்குள் ஆணியை விட்டுத் தூக்கி எறியப்பட்டதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவன் ஆம்பியர். அவனும் அவளும் ஒரே வயது, ஒரே பள்ளி. கட்டிக்கொள்கிற முறைதான். அப்படி ஒரு பேச்சு எழுந்தபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். என் மாமியார் இதை என்னிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உங்கள் மனதில் ஓடுவது புரிகிறது. அப்படி எதுவும் இல்லை. நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் மனைவி தண்ணீர் சோதிக்கிறவள். ஏரி, கிணறு, குளம் என்று ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்து வருவாள். வேனை அவளே ஓட்டுவாள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. காலையும் இரவும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உயிர் தங்காது. இதையெல்லாம் பெண் பார்க்கப் போன அன்றே அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். "யோசிச்சு சொல்லுங்க, பழுதான சரக்கு" என்றாள். நான் யோசிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதன் மடிப்புக்குள் மணி மணியாக ஏதோ தைத்திருப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்தால் மணிகள் ஊதிக்கொள்ளும், பை நாள் முழுக்கச் சில்லென்று இருக்கும். ஊசி போட்டுக்கொள்கிற இன்சுலின் பேனாவை அதற்குள் வைத்துக்கொண்டுதான் வெளியூர் போவாள். தினமும் காலையில் அந்தப் பையை நனைப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருப்பேன். மணிகள் ஊதுவது விரலுக்குத் தெரியும். பிழியக் கூடாது. துண்டில் ஒற்றி எடுத்து அவள் கையில் கொடுப்பேன். வெளியூர் போனால் போனில் நினைவுபடுத்துவேன். "என் உசிர ஈரத்துணியில சுத்திக் குடுக்கிறீங்க" என்பாள்.

பிறகு ஒரு பிறந்தநாளுக்கு ஆம்பியர் அந்த ஃபிரிட்ஜோடு வந்தான். வண்டி பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி. நான் அந்த வருடம் கைக்கடிகாரம் வாங்கியிருந்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். ஃபிரிட்ஜைப் பார்த்துக் கூச்சல் போட்டாள்.

"டேய், திருடுனியா?"

"உழைச்சு வாங்குனதுடி. வாய மூடிட்டு வேன் சாவியக் குடு."

அன்றைக்கே அவள் வேனின் பின்சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி வைத்து அதைப் பொருத்தினான். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். வேலை முடிந்ததும் வெள்ளை டேப் ஒன்றைக் கிழித்து மூடியில் ஒட்டி, பேனாவால் எழுதினான்: ஆம்பியர் கேரண்டி, ஆயுசுக்கும்.

"யாரு ஆயுசுக்குடா?"

"உன் ஆயுசுக்குத்தான், லூசு. எனக்கெதுக்கு இன்சுலின்?"

மறுநாள் காலை நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குளியலறை வாசலில் நின்று, "அதான் ஃபிரிட்ஜ் வந்துருச்சே. இனிமே உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் தண்ணீரைக் கீழே ஊற்றினேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மின் பொறியியல் படித்தவன். மீட்டர் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். வீடுகளில் மாட்டுகிற மின் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். எது உண்மை காட்டுகிறது, எது பொய் காட்டுகிறது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோடை தொடங்கும்போது ஃபிரிட்ஜ் ஒருமுறை நிஜமாகவே மக்கர் செய்தது. காலையில் அவள் கீழே வேனில் ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். கீழே அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"டேய் ஆம்பியர், உன் பொட்டி மூச்ச விட்ருச்சு."

"திறந்து உள்ள தலைய விட்டியா?"

"அடி வாங்குவ. லைட் மட்டும் மின்னி மின்னி அணையுது."

"பேட்டரி எவ்ளோ காட்டுது?"

"பன்னண்டரை."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும் பாரு, ஹை, மீடியம், லோன்னு. ஹையில இருக்கா? அதான். பேட்டரி கொஞ்சம் இறங்குனாலே பயந்து நின்னுடும். லோவுல வை. சாயங்காலம் வந்து ஒயரையும் தடியா மாத்திடுறேன். ஆமா, அண்ணன் மேலதான இருக்காரு? அவரே என்ஜினியர். அவரக் கேக்க மாட்டியா?"

"அவரு வேலைக்குக் கிளம்புறாருடா. அவர எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

பட்டனை மாற்றினாள். ஃபிரிட்ஜ் ஓடியது. அவள் வண்டிக்குள்ளிருந்தே கை தட்டினாள். எனக்கு வாய் முழுக்க நுரை. துப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஒயர் மெலிதாக இருந்தால் வழியிலேயே கொஞ்சம் மின்னழுத்தம் குறைந்துவிடும். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தாலும் ஃபிரிட்ஜுக்கு அவ்வளவு போய்ச் சேராது. பேட்டரி காலியாகப் போகிறது என்று நினைத்து அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது மட்டும் பேட்டரிக்குப் பதினான்கு வரை வரும், அப்போது மெலிந்த ஒயரிலும் ஓடிவிடும். அன்று மாலையே அவன் வந்து தடித்த ஒயர் போட்டான். கருப்பு உறைக்குள் அழகாகச் சொருகி, சீட்டுக்கு அடியில் கிளிப் போட்டு ஓட்டியிருந்தான். நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

அவள் என்னைத் தொந்தரவு செய்வதே இல்லை, மேடம். மரியாதையாகப் பேசுவாள், வேளைக்குச் சாப்பிட்டேனா என்று கேட்பாள். ஏதாவது உடைந்தால், நின்றால், பயமாக இருந்தால், சிரிப்பு வந்தால் அவனைக் கூப்பிடுவாள். ஒரே ஒருமுறை அவள் அவனிடம் "நீ சொதப்பிட்டடா" என்று சொல்லி, பிறகு என் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு ஃபிரிட்ஜ் நிற்க வேண்டும். அவன் கண்டுபிடிக்க முடியாத மாதிரி நிற்க வேண்டும். நான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு நீண்ட பயணம் வந்தது. மழை இல்லாத பகுதி, வற்றிப்போன ஏரிகள். அவள் கிளம்புவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் வேனைக் கழுவித் தருகிறேன் என்று சாவி வாங்கினேன். உறைக்குள் நடுப்பகுதியில் தடித்த ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, காலிங் பெல்லுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய ஒயர் வைத்து இணைத்தேன். இரண்டு முனையிலும் தடித்த ஒயர்தான் தெரியும். பட்டனை லோவிலிருந்து ஹைக்கு மாற்றினேன். ஃபிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது கீக் என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஓட்டும்போது அவள் திடுக்கிடக் கூடாது என்று அதையும் அணைத்தேன்.

சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்புவது என் வழக்கமில்லை. வேனைக் கதவு சாத்தி வெயிலில் விட்டேன். ஃபிரிட்ஜுக்குள் ஒரு குவளைத் தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்திருந்தேன். நான் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மத்தியானம் போய்ப் பார்த்தபோது குவளைத் தண்ணீர் நன்றாகச் சூடேறியிருந்தது. இன்ஜினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஃபிரிட்ஜ் எழுந்துகொண்டது. திரும்பி வருவதற்குள் வெளியே டிஸ்ப்ளேயில் நாலு டிகிரி. குவளைத் தண்ணீர் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. டிஸ்ப்ளே உள்ளே இருக்கிற காற்றைத்தான் அளக்கும், பொருளை அளக்காது. என் தொழிலில் இதைப் பொய் காட்டுகிற மீட்டர் என்போம்.

அவள் வேலை நடக்கிற விதம் எனக்குத் தெரியும். காலையில் லாட்ஜில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புவாள். வேனை ஏரிக்கரையில் வெயிலில் நிறுத்திவிட்டுப் பகல் முழுக்க நடப்பாள். மாதிரிப் புட்டிகளைத் தோளில் மாட்டுகிற ஐஸ் பெட்டியில் போடுவாள். மாலையில் ஓட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்து, அறையிலிருந்து ஒயர் இழுத்து ஃபிரிட்ஜை லாட்ஜ் கரண்டில் போடுவாள். அப்போதுதான் அதைத் திறப்பாள். இரவும் காலையும் அது நன்றாக ஓடும். அது சாகிற நேரத்தில் அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

இன்சுலின் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். கடையிலிருந்து வாங்கி வந்து உள்ளே அடுக்கியதே நான்தான்.

கிளம்புகிற அன்று பழைய துணிப்பையையும் எடுத்துவைத்தேன். ஒரு பேனாவை உள்ளே போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். இதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"ஆம்பியர் ஃபிரிட்ஜ் இருக்கும்போது இந்த ஈரமூட்டை எதுக்குங்க?"

"இருக்கட்டுமே" என்றேன்.

"பைல எல்லாம் நனைஞ்சுடும். விடுங்க."

விட்டேன். வேன் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றிருந்தேன். பிறகு பையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

முதல் சில நாட்கள் எதுவும் ஆகவில்லை. ஃபிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று தினமும் கேட்டேன். "ஜில்லுனு ஓடுது, நாலுதான் காட்டுது" என்றாள். பிறகு அலுப்பாக இருக்கிறது என்றாள். பிறகு தாகம். பிறகு ஒருநாள் விளக்குப் போடுகிற நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரல் சன்னமாக இருந்தது.

"ஏங்க, சுகர் இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு தடவ வாந்தி வேற."

"ஊசி போட்டியா?"

"எப்பவும் போடுறதவிட அதிகமாவே போட்டேன். ஊர்த் தண்ணியெல்லாம் சோதிக்கிறவளுக்கே தண்ணி ஒத்துக்கலைன்னு லாட்ஜ்காரர் சிரிக்கிறாரு." அவளும் சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. "மருந்து கெட்டுப்போயிருக்குமோன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நீங்க என்ன நினைக்கிறீங்க. அவனைக் கூப்பிடுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டிருந்தாள். அந்த ஃபிரிட்ஜைப் பற்றி முதல்முறையாக என்னைக் கேட்டாள். நான் எதிர்பார்த்தது இதைத்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மேடம். மருந்தைத் தூக்கிப் போடு, உடனே புதிதாக வாங்கு, ஃபிரிட்ஜில் கோளாறு, நான் வருகிறேன். அவ்வளவும் வரிசையாக நாக்கில் இருந்தது.

அதற்குள் அவள் சொன்னாள்: "ஆம்பியர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் குடுத்த பொட்டி. பதறிடுவான், பாவம்."

அவளால் சரியாகப் பேச முடியவில்லை, அப்போதும் அவன் பதறுவதைப் பற்றித்தான் யோசித்தாள்.

"சொல்லமாட்டேன்" என்றேன். பிறகு கேட்டேன்: "டிஸ்ப்ளே என்ன காட்டுது?"

"நாலு."

"நாலுன்னா மருந்து நல்லாத்தான் இருக்கும்."

"எதிர்லயே மருந்துக்கடை இருக்கு. எதுக்கும் புதுசா ஒண்ணு வாங்கிடவா?"

"இந்த நிலைமைல வீணா அலையாத. தண்ணி குடிச்சுட்டுப் படு. காலைல பாத்துக்கலாம்."

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

காலையில் லாட்ஜ்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு உடைத்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள். பேனாவில் மிச்சமிருந்த மருந்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். திப்பி திப்பியாகத் தெரிந்தது. சூட்டில் கெட்டிருக்கிறது என்றார். ஆம்பியர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

வேனை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆம்பியர் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அதே மாதிரித் தடித்த ஒயரை முழு நீளத்துக்கும் புதிதாகப் போட்டுவிட்டேன், பட்டனையும் சத்தத்தையும் பழையபடி வைத்துவிட்டேன். வெட்டிய துண்டுகளும் அந்த மெல்லிய ஒயரும் என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இணைத்த இடத்தில் என் கைவேலை தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பசி எடுத்தது, தூங்கினேன். வீட்டுக்கு வந்தவர்கள் என் தோளைத் தட்டிவிட்டு ஆம்பியர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூடியில் ஒட்டியிருந்த அந்த டேப்பை உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். என் மாமியார் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க தாங்கிக்கிட்டீங்க மாப்பிள்ளை. இவன் தாங்கமாட்டான். நீங்கதான் இவனுக்கு ஆறுதல் சொல்லணும்."

ஆறுதல் சொன்னேன்.

பிறகு அவன் ஃபிரிட்ஜைக் கழற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஒருநாள் என்னையும் வரச் சொன்னான். அதே பேட்டரி, அதே ஒயர், ஒரு தகரக் கொட்டகைக்குள் வெயிலில் வைத்து ஓடவிட்டிருந்தான். பக்கத்திலேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"ஓடுது அண்ணா. நிக்கவே மாட்டேங்குது. ஏன் ஓடுது?"

நான் குனிந்து பார்த்தேன். டிஸ்ப்ளேயில் நாலு.

"நீங்க மீட்டர் பாக்குறவரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் கண்டுபிடிச்சு சொல்லுங்க அண்ணா. தெரியாமப் போச்சுன்னா பைத்தியம் புடிச்சுடும்."

கடைசியில் ஃபிரிட்ஜைப் பற்றி அவனும் என்னிடம்தான் கேட்க வேண்டி வந்தது. "சில கோளாறு அப்படித்தான். நாம பாக்கும்போது வராது" என்றேன். தொழிலில் அது உண்மையும்கூட.

இன்று காலை மாமியார் போன் செய்தார். அவன் உங்களிடம் வந்து, நான்தான் அவளைக் கொன்றேன், என்னைப் பிடித்துப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். "அவ மேல அவனுக்கு எவ்ளோ பாசம் பாருங்க" என்று அழுதார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன்.

அவனைக் காப்பாற்ற வந்தேன் என்று எழுதாதீர்கள். அவன் எழுதியதில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். அவளுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தான், ஒயர் போட்டான், அவளைச் சிரிக்க வைத்தான். அதெல்லாம் அவனுடையதாகவே இருக்கட்டும். அவளைக் கொன்றது நான். ஒயரை மாற்றியது நான், மருந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது நான், கடைக்குப் போகாதே என்று தடுத்தது நான். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நடந்தது. இதில் அவனுக்கு எந்த இடமும் இல்லை.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் அக்கறை இல்லாதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. இதோ, இதுதான் அந்தத் துணிப்பை. அவள் மேசையில் விட்டுப் போன பேனா உள்ளேயே இருக்கிறது. அவள் கிளம்பிய மறுநாளிலிருந்து, அவள் அங்கே இருந்தபோதும், இல்லாமல் போன பிறகும், தினமும் காலையில் இதை எடுத்து நனைத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கும் நனைத்துத்தான் எடுத்து வந்தேன். தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வேண்டுமானால் சோதனைக்கு அனுப்புங்கள், மேடம். என் பொறுப்பில் இருந்த மருந்து ஒருநாளும் கெட்டதில்லை.